வழக்கின் பெயரைப் பார்த்து வரும் வக்கீல்

அமெரிக்காவின் தென்மேற்கு முனையில், சான் டியேகோ நகரின் நடுவே கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே போனால் மெக்சிகோ எல்லையை ஒட்டி ஓட்டே மேசா தடுப்புக் காவல் மையம். அந்த வளாகத்துக்குள்ளேயே ஒரு குடிவரவு நீதிமன்றமும் நடக்கிறது. ஒருமுறை நாடுகடத்தப்பட்டு, மறுபடி எல்லை தாண்டி வந்து பிடிபட்ட ஒருவரை நினைத்துக்கொள்வோம். அனுமதியின்றித் திரும்ப நுழைந்தார் என்று குற்றம் சாட்டி அவரை முதல் கட்டடத்தில் நிறுத்தினால், கையில் காசில்லை என்று அவர் தெரிவித்ததுமே அரசுச் செலவில் ஒரு வக்கீல் வந்து பக்கத்தில் நிற்பார். அந்தக் குற்றத்துக்கு, பழைய பெரிய வழக்குகள் ஏதும் இல்லையென்றால், அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டுச் சிறை. அதே ஆள், 'ஊருக்குத் திருப்பி அனுப்பினால் என் உயிர் தங்காது' என்று முறையிட்டு இரண்டாவது கட்டடத்தில் நிற்கிறார் என்று வையுங்கள். எதிர்ப்பக்கம் அரசின் வக்கீல் கோப்போடு உட்கார்ந்திருப்பார். இவர் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும். பணம் கட்டியோ, தொண்டு நிறுவனத்தைப் பிடித்தோ வக்கீல் வைத்துக்கொள்ளத் தடையில்லை. அரசு தராது, அவ்வளவுதான்.

சட்டம் இதற்குச் சொல்லும் காரணம் ஒற்றை வரியில் அடங்கிவிடும். முதலாவது குற்றவியல் வழக்கு, இரண்டாவது சிவில் வழக்கு. 2 ஆண்டுச் சிறைக்கு வக்கீல் உண்டு, உயிருக்கு இல்லை என்ற விநோதம் இந்தப் பெயர்ப் பலகையிலிருந்தே பிறக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் வக்கீல் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் வழக்குக்கு என்ன பெயர் என்பதைப் பொறுத்தே அமைந்துவிட்டது. ஒருவர் எதை இழக்கப் போகிறார் என்பதே அளவுகோலாக இருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். வேலை நிமித்தமும் படிப்பு நிமித்தமும் அங்கே குடியேறிய தமிழர்களுக்கும், உயிருக்கு அஞ்சி எல்லையில் கையேந்தி நிற்கும் ஈழத் தமிழர்களுக்கும் இது ஏட்டுச் சுரைக்காய் விவகாரம் இல்லை.

முதலில் நீதிமன்ற அமைப்பைப் பார்த்துவிடலாம். நம் ஊரில் நீதிமன்றம் என்பது ஒரே ஏணி. முன்சீப் கோர்ட்டில் ஏறத் தொடங்கினால் உயர் நீதிமன்றம் வழியாக டெல்லி வரை அதே படிகள்தான். மத்தியச் சட்டத்தையும் மாநிலச் சட்டத்தையும் அதே நீதிபதிகள் விசாரிக்கிறார்கள். அமெரிக்காவில் ஏணிகள் இரண்டு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி நீதிமன்ற வரிசை உண்டு. விவாகரத்து, வாடகைத் தகராறு, சாலை விபத்து, திருட்டு, கொலை என்று அன்றாட வழக்குகளில் மிகப் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. இன்னொரு ஏணி கூட்டாட்சியுடையது: 94 மாவட்ட நீதிமன்றங்கள், அவற்றுக்கு மேலே 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், உச்சியில் 9 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்றம். கூட்டாட்சிச் சட்டம் அல்லது அரசியல் சட்டம் சம்பந்தப்பட்ட வழக்கு, அமெரிக்க அரசு ஒரு தரப்பாக இருக்கும் வழக்கு, வெவ்வேறு மாநிலத்தவர் 75,000 டாலருக்கு மேல் கேட்டு மோதிக்கொள்ளும் வழக்கு ஆகியவை இங்கே வரும். இந்த ஏணியின் நீதிபதிகளை அதிபர் நியமிக்க, செனட் ஒப்புதல் தர வேண்டும். ஏறி உட்கார்ந்துவிட்டால் ஆயுள் பதவி. அதிபருக்கு எதிராகத் தீர்ப்பு எழுதினாலும் வீட்டுக்கு அனுப்ப முடியாது.

குடிவரவு நீதிமன்றம் இந்த இரண்டு ஏணியிலும் இல்லை. அது 1983 முதல் நீதித்துறை அமைச்சகத்தின் கீழ் ஓர் அலுவலகமாக இயங்குகிறது. அதன் நீதிபதிகள் அட்டர்னி ஜெனரல் நியமிக்கும் ஊழியர்கள். மேல்முறையீட்டு வாரியமும் அதே அமைச்சகத்துக்குள்தான். கறுப்பு அங்கி, மேசை, சுத்தியல் எல்லாம் இருப்பதால் பார்ப்பவருக்கு நீதிமன்றமாகத் தெரிகிறது. உண்மையில் நிர்வாகத்தின் ஒரு கை வாதாட, இன்னொரு கை தீர்ப்பெழுதுகிறது. சுதந்திரமான நீதிபதி முன்னால் நிற்பவருக்கு வக்கீலையும் கொடுத்து, சுதந்திரம் குறைந்த நீதிபதி முன்னால் நிற்பவருக்கு வக்கீலையும் மறுக்கிறார்கள். எந்த இடத்தில் துணை அதிகம் தேவையோ, சரியாக அந்த இடத்தில்தான் அது இல்லை.

குற்றவியல் பக்கத்தில் வக்கீல் உரிமை வந்த கதையைப் பார்த்தால் இது விளங்கும். கூட்டாட்சி நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்ட வசதியில்லாதவருக்கு வக்கீல் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1938இலேயே சொல்லிவிட்டது. மாநில நீதிமன்றங்களுக்கு அது வர இன்னும் 25 ஆண்டுகள் ஆயின. ஃப்ளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்து நுழைந்ததாக 5 ஆண்டுத் தண்டனை பெற்ற கிளாரன்ஸ் கிடியன், விசாரணையின்போது வக்கீல் கேட்டார். தர இயலாது என்றார்கள். தானே வாதாடித் தோற்றார். சிறையில் கொடுத்த கோடு போட்ட தாளில் பென்சிலால் மனு எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1963 மார்ச்சில் 9 நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் நின்றார்கள். அந்தத் தீர்ப்பைப் பாடப்புத்தகங்கள் கொண்டாடுகின்றன. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: அதே குற்றச்சாட்டு, அதே ஊர், அதே ஆகஸ்ட் வெயில், இந்த முறை பக்கத்தில் வக்கீல். கிடியன் விடுதலையானார். வக்கீல் வந்ததும் மாறியது சட்டமில்லை. அரசுத் தரப்புச் சாட்சியை எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது என்று தெரிந்த ஓர் ஆள் அங்கே இருந்தார்.

அடுத்த ஆண்டே, 1964இல், நாடாளுமன்றம் குற்றவியல் நீதிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கூட்டாட்சி நீதிமன்றங்களில் ஏழைகளுக்கு வக்கீல் ஏற்பாடு செய்வதும் அவர்களுக்குப் பணம் தருவதும் அரசின் கடமையாயிற்று. இன்று கூட்டாட்சிக் குற்ற வழக்குகளில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு இப்படி நியமிக்கப்பட்ட வக்கீல்களைக் கொண்டே வாதாடுகிறார்கள். இலவசம் என்றால் மட்டம் என்ற நம் எண்ணம் இங்கே பொருந்தாது. கூட்டாட்சி பொது வாதாடி அலுவலகங்களில் இருப்பவர்கள் மாதச் சம்பளத்துக்கு இந்த ஒரு வேலையை மட்டும் செய்பவர்கள். அந்தந்த நீதிபதியின் போக்கு, அரசு வழக்கறிஞர்களின் பேரம், தண்டனை வழிகாட்டு நெறிகளின் நுணுக்கம் மூன்றும் அத்துப்படி. மாநிலக் கோர்ட்டில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்குகளைப் பார்த்துப் பழகிய வக்கீலுக்குக் கடன் வாங்கிப் பணம் கொடுப்பதைவிட, இவர்களிடம் வழக்கு போவது பல நேரம் நல்லது.

கூட்டாட்சிக் குற்ற வழக்கு வேறு ரகம் என்பதையும் சொல்ல வேண்டும். தண்டனை பெறுபவர்களில் 97 சதவீதத்தினர் விசாரணை நடந்து தண்டனை பெறுவதில்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டே தண்டனை பெறுகிறார்கள் என்பதை உச்ச நீதிமன்றமே 2012இல் எடுத்துக் காட்டியது. அதாவது வக்கீலின் வேலை சினிமாவில் வருவதுபோல் ஜூரி முன் முழங்குவதில்லை. எந்தப் பிரிவில், எத்தனை மாதத்துக்கு ஒப்புக்கொள்வது என்று மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து பேசுவது. 1987 நவம்பர் முதல் செய்த குற்றங்களுக்குப் பரோலும் கிடையாது. இன்னொன்று: கூட்டாட்சிப் புலனாய்வு அதிகாரி வீட்டு வாசலில் நட்பாகக் கேட்கும் கேள்விக்குத் தெரிந்தே பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றம், 5 ஆண்டு வரை சிறை. சத்தியம் செய்யத் தேவையில்லை, கையெழுத்து தேவையில்லை. 'நாம் என்ன தப்பு செய்தோம், சொல்லிவிட்டால் போகிறது' என்று வெள்ளந்தியாகப் பேசத் தொடங்கி, பயத்தில் ஒரு தேதியையோ பெயரையோ மாற்றிச் சொல்லிச் சிக்கிக்கொள்பவர்கள் உண்டு. வக்கீலோடுதான் பேசுவேன் என்பது அங்கே திமிர்ப் பேச்சு இல்லை, சட்டம் தந்த உரிமை.

இப்போது சிவில் என்ற சொல்லுக்கு வருவோம். நாடுகடத்தல் தண்டனையே அல்ல என்ற கோட்பாடு 1893இல் பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த கியரி சட்டப்படி சீனத் தொழிலாளர்கள் வசிப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால், தாங்கள் அங்கே வசித்தவர்கள்தான் என்று சொல்ல வெள்ளைக்காரர் ஒருவரைச் சாட்சியாகக் கொண்டுவர வேண்டும். மூன்று சீனர்கள் வழக்குப் போட்டார்கள். ஒருவரை வெளியேற்றுவது குற்றத்துக்கான தண்டனையாகாது, எனவே குற்றவியல் வழக்குக்கு உரிய பாதுகாப்புகள் பொருந்தா என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அந்த வெள்ளைச் சாட்சி விதி எப்போதோ மண்ணோடு போயிற்று. அதைத் தாங்கிப் பிடித்த தீர்ப்பின் அடிப்படை மட்டும் இன்றும் உயிரோடு இருக்கிறது. இன்றைய குடிவரவுச் சட்டம் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது, கூடவே 'அரசுக்குச் செலவில்லாமல்' என்ற சொற்களையும் சேர்த்துக்கொள்கிறது.

பெயர்ப் பலகையைத் தாண்டிப் பார்க்க முடியாது என்று நீதிமன்றம் எப்போதும் நினைத்ததில்லை. 1967இல் அரிசோனாவைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவன் ஜெரால்டு கால்ட் வழக்கு வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்பது புகார். பெரியவர் ஒருவர் அதைச் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் அபராதம், அல்லது 2 மாதத்துக்கு மேற்படாத சிறை. சிறுவன் என்பதால் 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் அடைக்க உத்தரவு. வக்கீல் கிடையாது, ஏனென்றால் சிறார் விசாரணை 'சிவில்' என்று சொல்லிவந்தார்கள். பள்ளி என்று பெயர் வைத்தாலும் பூட்டிய கதவு பூட்டிய கதவுதான் என்று உணர்ந்த நீதிமன்றம், சிறாருக்கும் வக்கீல் உரிமை உண்டு என்றது. அந்தத் துணிச்சல் பிறகு வற்றிப்போனது. பிள்ளையின் பராமரிப்புப் பணம் கட்டாததால் 12 மாதம் சிறைக்குப் போன ஒரு தந்தைக்கு அரசு வக்கீல் தருவது கட்டாயமில்லை என்று 2011இல் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அது சிவில் அவமதிப்பாம். சிறைக் கம்பிக்கு சிவில் எது, கிரிமினல் எது?

இந்தக் குழப்பத்தின் உச்சத்தை 2010இல் வந்த படீலா தீர்ப்பில் பார்க்கலாம். ஹோண்டுராசில் பிறந்த படீலா 40 ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டபூர்வமாக அமெரிக்காவில் வாழ்ந்தவர். வியட்நாம் போரில் அந்நாட்டுப் படையில் பணியாற்றியவர். லாரியில் கஞ்சா கடத்தியதாக வழக்கு. இவ்வளவு காலம் இருந்தவருக்கு நாடுகடத்தல் பற்றிக் கவலை வேண்டாம் என்று வக்கீல் சொன்னதை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். உண்மையில் அந்த ஒப்புதலே அவரை நாடுகடத்தப் போதுமானதாக இருந்தது. நாடுகடத்தும் அபாயத்தை எச்சரிப்பது குற்றவியல் வக்கீலின் கடமை. நாடுகடத்தல் குற்றத் தண்டனையோடு பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கிறது என்றது உச்ச நீதிமன்றம். சரியான தீர்ப்பு. ஆனால் விளைவைப் பாருங்கள்: நாடுகடத்தல் வரக்கூடும் என்று எச்சரிக்க அரசுச் செலவில் வக்கீல் உண்டு. அது வந்தே விட்ட நாளில் அவர் கிடையாது. மழை வரும் என்று சொல்லிக் குடை கொடுத்து, மழை வந்ததும் பிடுங்கிக்கொள்வதுபோல.

2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஓர் ஈழத் தமிழ் விவசாயியின் வழக்கு இதைத் தமிழர்களுக்கு இன்னும் அருகே கொண்டுவருகிறது. 2017இல் எல்லை தாண்டிய அவர் சான் டியேகோ அருகே, எல்லைக்கோட்டிலிருந்து 25 கெஜ தூரத்தில் பிடிபட்டார். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் விரைவு வெளியேற்ற முறையில் அவரை ஓர் அதிகாரி நேர்காணல் செய்தார். சிலர் தன்னை வேனில் கடத்திப்போய் அடித்தார்கள் என்றார். யார் என்று கேட்டார்கள், தெரியாது என்றார். ஏன் என்று கேட்டார்கள். அதுவும் தெரியாது என்றார். அச்சம் நம்பத்தகுந்ததாக நிறுவப்படவில்லை என்று முடிவாயிற்று. இலங்கையில் தமிழர் ஒருவர் வேனில் கடத்தப்பட்டார் என்றால் அதற்கு என்ன பொருள் என்பதை இதைப் படிக்கும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடத்தியவன் பெயர் சொல்லிவிட்டுக் கடத்துவதில்லை என்பதும் தெரியும். அந்த அறையில் இதை எடுத்துச் சொல்ல, இன்னும் இரண்டு கேள்வி கேட்க, அந்நாட்டின் நிலைமை பற்றிய அறிக்கையை மேசையில் வைக்க ஒருவர் இருந்திருந்தால் பதிவு வேறாக அமைந்திருக்கும் என்று நம்ப இடமுண்டு. மொழிபெயர்ப்பிலும் கோளாறு இருந்தது என்பது அவருடைய மனுவில் இருந்த ஒரு புகார். பிறகு உரிமை அமைப்பு ஒன்றின் வக்கீல்கள் ஆட்கொணர்வு மனுவோடு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். மேல்முறையீட்டில் வென்றார்கள்; உச்ச நீதிமன்றத்தில் 7-2 என்று தோற்றார்கள். இப்படிப்பட்டவருக்கு நாடாளுமன்றம் தந்த அளவுக்கு மேல் நடைமுறை உரிமை இல்லை, ஆட்கொணர்வு மனு விடுதலை கேட்கத்தான், நாட்டில் தங்க அல்ல என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் பார்வை. திறமையான வக்கீல்கள் வந்தார்கள், ஆனால் தாமதமாக வந்தார்கள். முதல் நேர்காணலில் விட்டதை உச்ச நீதிமன்றத்தில் பிடிக்க முடியவில்லை.

இது ஒரு தனி வழக்கின் துரதிருஷ்டம் இல்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இங்ரிட் ஈக்லி, ஸ்டீவன் ஷேஃபர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2007 முதல் 2012 வரையிலான 12 லட்சம் நாடுகடத்தல் வழக்குகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் 37 சதவீதத்தினருக்குத்தான் வக்கீல் இருந்தார். காவலில் இருந்தவர்களில் வெறும் 14 சதவீதத்தினருக்கு. நியூயார்க் நகரம் 2013இல் துணிந்து ஒரு சோதனை செய்தது: மன்ஹாட்டனின் வேரிக் தெருக் குடிவரவு நீதிமன்றத்தில் காவலில் உள்ள ஏழைகளுக்கு நகரச் செலவில் வக்கீல். அதற்கு முன் அங்கே வக்கீல் இல்லாதவர்கள் வென்றது நூற்றுக்கு 4 வழக்கில். வக்கீல் வந்த பிறகு அது ஏறத்தாழ 48 ஆகும் என்று வேரா என்ற ஆய்வு நிறுவனம் 2017இல் மதிப்பிட்டது. அதே நீதிபதிகள், அதே சட்டம். இடைப்பட்ட 44 பேர் முன்பு என்ன ஆனார்கள்? சட்டப்படி தங்க உரிமை இருந்தும் வெளியேற்றப்பட்டார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. குழந்தைகள் நிலையும் இதுதான். பெற்றோரின்றி வந்த சிறாருக்கு வக்கீல் கேட்ட வழக்கொன்றில், மூத்த குடிவரவு நீதிபதி ஒருவர் 3, 4 வயதுக் குழந்தைகளுக்கும் குடிவரவுச் சட்டத்தைத் தன்னால் கற்பிக்க முடிந்திருக்கிறது என்று வாக்குமூலம் கொடுத்தார். 2016இல் இது வெளியானபோது நாடே சிரித்தது. வழக்கு மட்டும், மாவட்ட நீதிமன்றத்துக்கு இதை விசாரிக்க அதிகாரமில்லை என்று தள்ளுபடியானது.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. முதலாவது, செலவு. குடிவரவு நீதிமன்றங்களில் தேங்கிய வழக்குகள் அண்மை ஆண்டுகளில் 30 லட்சத்தைத் தாண்டின. அத்தனை பேருக்கும் வக்கீல் வைக்க முடியுமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் ஒன்று குடிவரவுத் தடுப்புக் காவலுக்கு மட்டும் 4,500 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறது. ஆளை அடைத்து வைக்கப் பணம் இருக்கிறது. அடைத்தது சரியா என்று கேட்க ஒருவரை வைக்கத்தான் கஜானா காலி. எல்லோருக்கும் ஒரே நாளில் தர வேண்டும் என்றும் இல்லை. காவலில் உள்ளவர்கள், குழந்தைகள், மனநலம் குன்றியவர்கள் ஆகியோரிடமிருந்து தொடங்கலாம். இரண்டாவது, தாமதம். வக்கீல் வந்தால் வாய்தா வாங்கி இழுப்பார் என்பது எல்லா நாட்டிலும் உள்ள பேச்சு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் வழக்கில் வலுவில்லை என்று கட்சிக்காரரிடம் நேராகச் சொல்லி முடித்துவைப்பவரும் வக்கீல்தான். காவலில் உள்ளவர்களுக்குச் சட்டத்தை விளக்கிச் சொல்ல நீதித்துறையே 2003 முதல் நடத்திய திட்டத்தால் வழக்குகள் சீக்கிரம் முடிந்தன என்று அந்தத் துறையே 2012இல் கணக்குக் காட்டியது. வெறும் விளக்கத்துக்கே இந்தப் பலன். மூன்றாவது, வரி கட்டும் குடிமகன் அனுமதியின்றி வந்தவருக்கு ஏன் பணம் தர வேண்டும் என்பது. இதற்கு முதல் பத்தியில் சொன்ன சான் டியேகோ நீதிமன்றமே பதில். அதே ஆளுக்கு, அதே எல்லை மீறலுக்கு, குற்ற வழக்கில் அந்த வரிப் பணத்தில்தான் வக்கீல் தருகிறார்கள். யாரும் மறுப்புச் சொல்வதில்லை.

இவற்றைவிடக் கனமானது அரசியல் சட்டத்தின் வாசகம். ஆறாவது திருத்தம் குற்றவியல் வழக்குகள் என்றே சொல்கிறது. நீதிபதிகள் அதை இழுத்து நீட்டலாமா? நீட்ட வேண்டாம் என்பதே என் பதில். 1964ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியது நாடாளுமன்றம், நீதிமன்றம் அல்ல. அரசியல் சட்டம் கொடுக்கச் சொன்னது குறைந்தபட்சம். அதற்கு மேல் கொடுக்காதே என்று அது எங்கும் சொல்லவில்லை. எச்சரிக்கை ஒன்றும் தேவை: சட்டம் எழுதினால் மட்டும் வக்கீல் வந்துவிட மாட்டார். 2025 ஜூலைத் தொடக்கத்தில் கூட்டாட்சிக் குற்ற வழக்குகளுக்கு நியமிக்கப்படும் தனியார் வக்கீல்களுக்கான நிதி தீர்ந்துபோனது. மாதக்கணக்கில் அவர்கள் செய்த வேலைக்குப் பணம் வரவில்லை. உரிமை என்று 1938 முதல் முழங்கிய இடத்திலேயே இந்தக் கதி.

மற்ற சிவில் வழக்குகளை விரைவாகக் கடந்துவிடலாம். கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க 405 டாலர் கட்டணம். ஆட்கொணர்வு மனுவுக்கு 5 டாலர்தான். ஏழை வாதிக்காக வாதாடும்படி நீதிபதி ஒரு வக்கீலைக் 'கேட்டுக்கொள்ளலாம்' என்று சட்டம் சொல்கிறது. கட்டாயப்படுத்த முடியாது என்று 1989இல் தீர்ப்பாயிற்று. ஆகவே சிவில் வழக்குகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வக்கீல் இல்லாதவர்களே தொடுப்பவை. அவர்களில் பெரும்பாலோர் சிறைக் கைதிகள். எல்லா சிவில் வழக்குக்கும் அரசு வக்கீல் தர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு கம்பெனிகள் காப்புரிமைக்கு மல்லுக்கட்டினால் அவரவர் பணம், அவரவர் பாடு. உடல் காவலில் இருக்கும்போதும், நாட்டைவிட்டுத் துரத்தப்படும்போதும், பிள்ளையைப் பிரிக்கும்போதும் என்ற எல்லைக்குள் நின்றால் போதும்.

சட்டம் மாறும்வரை மக்கள் என்ன செய்வது? 'நல்ல வக்கீல் யாராவது தெரியுமா' என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்பதற்கு முன்னால், கையில் உள்ள காகிதம் எந்த நீதிமன்றத்தின் பெயரைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். மாநிலத்தில் வக்கீலாகப் பதிவு செய்தவர் எல்லோரும் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் தானாக நிற்க முடியாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் தனியாக அனுமதி பெற வேண்டும். இந்த மாவட்டத்தில் அனுமதி உண்டா, இதே வகை வழக்கை இங்கே கடைசியாக எப்போது நடத்தினீர்கள் என்ற இரண்டு கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லாதவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம். சொல்வதைச் சரிபார்க்கவும் வழி உண்டு. கூட்டாட்சி நீதிமன்றங்களின் பேசர் என்ற மின்பதிவேட்டில் யாரும் கணக்குத் தொடங்கி வழக்குகளைத் தேடலாம். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் அடங்கினால் அதுவும் தள்ளுபடி. வக்கீல் எழுதிய மனுக்களே அங்கே கிடக்கும். கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க எடுக்கும் சிரத்தையில் பாதி போதும். கிரீன் கார்டு விண்ணப்பம் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்து, அதற்கு ஆணை கேட்டு மாவட்ட நீதிமன்றம் போவதானால், படிவம் நிரப்புவதில் கெட்டிக்காரரான குடிவரவு வக்கீல் போதாமல் போகலாம். நீதிமன்றத்தில் வழக்காடிப் பழகியவர் வேண்டும். வேலையிடத்தில் இனப் பாகுபாடு என்றால் பொதுவாக முதலில் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார். அங்கிருந்து கடிதம் வந்தபின் வழக்குப் போட 90 நாள். வக்கீல் அல்லாத 'விசா ஆலோசகர்' யாராக இருந்தாலும் சட்ட யோசனை கேட்கத் தகுந்தவர் இல்லை.

காவலில் எடுக்கப்பட்டால் நாள் கணக்கு மணிக் கணக்காகிவிடுகிறது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த இந்தியர் ஒருவர் 2025 மார்ச் 17 இரவு வர்ஜீனியாவில் வீட்டு வாசலில் பிடிக்கப்பட்டு, லூசியானாவுக்கும் பிறகு டெக்சாசுக்கும் கொண்டுபோகப்பட்டார். அடுத்த நாளே அவருடைய வக்கீல் வர்ஜீனியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவைப் போட்டார். எந்த மாவட்டத்தில் ஆள் இருக்கிறாரோ அந்த மாவட்டத்தில்தான் பொதுவாக மனுப் போட வேண்டும் என்பதால், எந்த நீதிமன்றம் விசாரிப்பது என்பதிலேயே பெரிய இழுபறி நடந்தது. மே 14 அன்று வர்ஜீனியா நீதிபதியின் உத்தரவால் வெளியே வந்தார். அவருக்கு உடனே ஓடிவர வக்கீல் இருந்தார். இல்லாதவர்களின் வழக்கு எண்கள் செய்தியில் வருவதில்லை.

அமெரிக்காவில் பிள்ளைகளோ உறவினர்களோ இருப்பவர்கள் ஒன்றை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் நாடுகடத்தலை உறுதி செய்துவிட்டால், அதை எதிர்த்துக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மனுப் போட 30 நாள்தான் அவகாசம். அந்த 30 நாள், வக்கீல் கிடைத்த தேதியிலிருந்து தொடங்குவதில்லை. உத்தரவுத் தேதியிலிருந்தே ஓடுகிறது.